நாலு கேமரா, ரெண்டு ஜிபி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்: கேமரா பதிவு செய்வதற்கு இணையம் தேவையில்லை. சுவரில் இருக்கும் கேமராவிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டிவிஆர் பெட்டிக்கு ஒரு வயர் வருகிறது. பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கிறது. படம் அதில் எழுதப்படுகிறது. இந்த வழியில் எங்கும் சிம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. இங்கே நடப்பதை வேறோர் ஊரிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கும்போதுதான் டேட்டா செலவு தொடங்குகிறது.

திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதை 14 கிலோமீட்டர். அந்தப் பாதை நெடுக மெஸ், டீக்கடை, பூக்கடை, பூஜைச் சாமான் கடை, வாடகை அறைகள், சின்னச் சின்ன மடங்கள். முன்பு பெரிய கடைகளில் மட்டும் பார்த்த கேமரா இப்போது ஓலைக் கொட்டகையில்கூட இருக்கிறது. ஃபைபர் லைன் வந்துவிட்ட இடங்களில் பெரிய கவலை இல்லை. பல ஃபைபர் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி வரை முழு வேகம் கிடைக்கிறது. லைன் வராத தெருவிலும், வாடகைக் கடையிலும், நிலத்திலும் சிம் போட்ட ரௌட்டரை வைத்துத்தான் காலம் ஓடுகிறது. அதில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இல்லையென்றால் 2 ஜிபி. தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் வீடியோ நகராது. பணம் வந்ததா என்று போனில் பார்ப்பதே பெரும்பாடு.

செங்கம் சாலையில் மெஸ் நடத்தும் அக்கா ஒருவருக்கு வந்த பிரச்சினை இதுதான். “காலையில பத்து மணி தாண்டுனா நெட்டு தீந்துடுது தம்பி. சாப்ட்டவங்க ஜிபே பண்ணிட்டேன்றாங்க, வந்துச்சான்னு என் போன்ல பாக்க முடியல. நான் படமும் பாக்கறதில்ல, பாட்டும் கேக்கறதில்ல. இந்தப் பொட்டிதான் திங்குது” என்றார். அவர் கடையில் நாலு கேமரா. வாசல், கல்லா, சமையல்கட்டு, பின்பக்கம் சாமான் அறை. டிவிஆர் பெட்டியிலிருந்து ஒரு லேன் வயர் சிம் ரௌட்டருக்குப் போகிறது. மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். அவர் போனில் கேமரா ஆப் இருக்கிறது.

பெட்டியின் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். அந்த லேன் வயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள் கடையை நடத்துங்கள். “ஐயோ, ரெக்கார்டு நின்னுடுமே!” என்று பதறினார். நிற்காது. மறுநாள் பார்த்தால் டேட்டாவில் பெரும்பங்கு அப்படியே இருந்தது. முந்தைய நாளின் பதிவு ஒரு நிமிடம்கூட விடாமல் ஹார்ட் டிஸ்கில் இருந்தது.

உங்கள் வீட்டிலும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். வயரைக் கழற்றியும் டேட்டா தீர்கிறது என்றால் கேமரா குற்றவாளி இல்லை. போன்களில் தானாக நடக்கும் ஆப் அப்டேட், போட்டோக்களைத் தானாக மேலே ஏற்றும் வசதி, பிள்ளைகள் பார்க்கும் வீடியோ என்று வேறு பக்கம் தேட வேண்டும். வயர் இல்லாத வைஃபை கேமரா வைத்திருப்பவர்கள் ரௌட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். எந்தக் கருவி எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பல ரௌட்டர்கள் தனித்தனியாகக் காட்டும்.

இனி கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் கேமரா போடுகிறவர் சொல்வதைச் சரிபார்க்க உங்களுக்கே தெரிந்துவிடும்.

இணையத்தின் வேகத்தை எம்பிபிஎஸ் என்று சொல்கிறோம். செலவான டேட்டாவை ஜிபி என்று சொல்கிறோம். குழாயில் தண்ணீர் வரும் வேகம் வேறு, தொட்டியில் சேர்ந்த தண்ணீர் வேறு அல்லவா? அது போலத்தான். வேகத்தை பிட் கணக்கில் அளக்கிறார்கள், அளவை பைட் கணக்கில் அளக்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வீதம், அதாவது 1 எம்பிபிஎஸ் வேகத்தில், படத்தை வெளியே அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 நொடி. எனவே 86,400 மெகாபிட். எட்டால் வகுத்தால் 10,800 மெகாபைட். அதாவது 10.8 ஜிபி. இந்த 10.8 என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை எம்பிபிஎஸ்ஸோ அதை 10.8-ஆல் பெருக்கினால் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஆகும் ஜிபி வந்துவிடும்.

2 எம்பிபிஎஸ் கேமரா ஒன்று ஓயாமல் வெளியே அனுப்பினால் நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமரா என்றால் 86.4 ஜிபி. மாதத்துக்கு 2592 ஜிபி. ஃபைபர் லைனையே முக்கால்வாசி விழுங்கிவிடும் அளவு இது. 2 ஜிபி சிம் எந்த மூலைக்கு?

அக்காவின் கடையில் நடந்தது இவ்வளவு பெரிதில்லை. மகன் எட்டு மணிக்கு ஷிஃப்ட் ஏறியதும் ஆப்பைத் திறந்து, நாலு கேமராவும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து, போனை மேஜையில் சாய்த்துவிடுகிறார். அம்மா தனியாகக் கடை நடத்துகிறாரே என்ற கவலை. ஒவ்வொரு படமும் அரை எம்பிபிஎஸ். நாலும் சேர்ந்தால் 2 எம்பிபிஎஸ், மணிக்கு 900 எம்பி. 2 ஜிபி தீர்வதற்கு இரண்டே கால் மணி நேரம் போதும். எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்தே கால். அக்கா சொன்ன நேரம் கச்சிதமாக ஒத்துப்போகிறது.

இதில் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலையில் ஏறுகிற அதே 900 எம்பி சென்னையில் இறங்குகிறது. இங்கே அம்மாவின் சிம்மிலும் கழிகிறது, அங்கே மகனின் சிம்மிலும் கழிகிறது. டவுன்லோடு மட்டும்தான் கணக்கில் வரும், அப்லோடு வராது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தவறு. இரண்டுமே உங்கள் 2 ஜிபியில்தான் கழியும்.

“அப்ப அவன் பாக்கவே கூடாதா?” என்று அக்கா கேட்டார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. நியாயமான வருத்தம்தான். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் கடையைப் பார்ப்பது ஒரு நிம்மதி. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை.

டிவிஆர் பெட்டி ஒவ்வொரு கேமராவின் படத்தையும் இரண்டு விதமாகத் தயார் செய்கிறது. ஒன்று பெரிய படம், மெயின் ஸ்ட்ரீம். அது ஹார்ட் டிஸ்கில் பதிவாவதற்கு. இன்னொன்று சின்னப் படம், சப் ஸ்ட்ரீம். அது போனில் பார்ப்பதற்கு. பெட்டியின் மெனுவில் என்கோட் என்ற பகுதிக்குப் போனால் இரண்டுக்கும் தனித்தனி அமைப்புகள் இருக்கும். போனில் நாலு படமும் கட்டம் கட்டமாகத் தெரியும்போது பெரும்பாலும் சப் ஸ்ட்ரீம் வரும். ஒரு கட்டத்தை இருமுறை தட்டிப் பெரிதாக்கினால் பல ஆப்கள் மெயின் ஸ்ட்ரீமுக்கு மாறிவிடும், அந்த ஒரு படத்தின் செலவும் பல மடங்கு ஏறிவிடும். ஆப்பில் ஹெச்டி, எஸ்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை எஸ்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

டேட்டா மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கேட்டால் சிலர் மெயின் ஸ்ட்ரீமின் தரத்தைக் குறைத்துவிட்டுப் போகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மெயின் ஸ்ட்ரீம் ஹார்ட் டிஸ்குக்குப் போகிறது, இணையத்துக்கு அல்ல. போனில் சப் ஸ்ட்ரீமைப் பார்க்கும்வரை அதைக் குறைத்தால் ஒரு எம்பிகூட மிச்சமாகாது. திருட்டு நடந்த மறுநாள் போலீஸ்காரர் வந்து பதிவைக் கேட்கும்போது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான ஒரு திட்டு இருக்கும். வண்டி நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம் இருக்கும். கேமரா வாங்கிய காசு, மாட்டிய காசு எல்லாம் வீண். மெயின் ஸ்ட்ரீமைத் தொடாதீர்கள். குறைக்க வேண்டியது சப் ஸ்ட்ரீமை.

எவ்வளவு குறைக்கலாம்? இதற்குப் பதில் சொல்ல இங்கிலாந்து வரை போய்வர வேண்டும். 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு காபிக் குடுவை இருந்தது. மற்ற மாடிகளில் இருந்தவர்கள் படியேறி வந்து பார்த்தால் குடுவை காலியாக இருக்கும். ஆகவே அதற்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, குடுவையின் படம் அவரவர் கணினித் திரையில் தெரியும்படி செய்தார்கள். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். நிமிடத்துக்கு மூன்று முறைதான் புதுப்பிக்கப்பட்டது. காபி இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்ள அதற்கு மேல் என்ன வேண்டும்? 1993-ல் அந்தப் படத்தை இணையத்தில் இணைத்தார்கள். 2001-ல் நிறுத்தும்வரை உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் அதைப் பார்த்தார்கள்.

அந்த ஆய்வகத்தினர் கேட்டுக்கொண்ட கேள்வியை நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் படத்தைப் பார்த்து நான் என்ன தெரிந்துகொள்ளப் போகிறேன்? அம்மா கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாரா, கடையில் கூட்டம் இருக்கிறதா, பின்கதவு மூடியிருக்கிறதா. இதற்கு நொடிக்கு 25 படங்கள் தேவையில்லை, 6 போதும். 640க்கு 360 புள்ளி போதும். பிட் ரேட் 256 கேபிபிஎஸ், அதாவது சுமார் கால் எம்பிபிஎஸ், போதும். இப்படி வைத்தால் ஒரு கேமராவை ஒரு மணி நேரம் பார்க்க 115 எம்பி ஆகும். மகன் கல்லாக் கேமராவை மட்டும், ஒரு நாளில் மொத்தம் இருபது நிமிடம் பார்த்தால் 40 எம்பிக்குள் முடிந்துவிடும். 900 எம்பி எங்கே, 40 எம்பி எங்கே!

சப் ஸ்ட்ரீமில் ஒலியையும் நிறுத்திவிடுங்கள். டேட்டாவில் அது சிறிய பங்குதான். ஆனால் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் பேசுவதை வேறோர் ஊரில் உட்கார்ந்து கேட்பது முறையில்லை.

ஹெச்.264, ஹெச்.265 என்ற சொற்களையும் மெனுவில் பார்ப்பீர்கள். படத்தைச் சுருக்கும் முறைகள் இவை. முன்னது 2003-ல் வந்தது, பின்னது 2013-ல். ஏறத்தாழ பாதி அளவிலேயே அதே தரத்தைப் பின்னது தரும். பெட்டியில் இருந்தால் மெயின் ஸ்ட்ரீமுக்கு ஹெச்.265 போட்டுவிடுங்கள், ஹார்ட் டிஸ்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நாட்களுக்குப் பதிவு நிற்கும். 1 டிபி டிஸ்கில் நாலு கேமரா தலா 2 எம்பிபிஎஸ் வீதம் எழுதினால் 11 நாள். தலா 1 எம்பிபிஎஸ் என்றால் 23 நாள். பதிவு எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பது டிஸ்கைப் பொறுத்தது, நெட்டைப் பொறுத்ததல்ல. காவல் நிலையங்களில் கேமரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கச் சொன்னது. அதையும் டிவிஆர் போன்ற பெட்டிகளில் சேமிக்கும் ஏற்பாடாகத்தான் சொன்னது.

அப்படியானால் நெட்டை அறவே கழற்றிவிடலாமே என்று தோன்றும். இந்த ஊரில் நடந்த ஒன்றை நினைத்தால் அப்படிச் சொல்ல மாட்டேன். 2023 பிப்ரவரி 12, விடிவதற்கு முன். திருவண்ணாமலை நகரிலும் போளூரிலும் கலசபாக்கத்திலுமாக நாலு ஏ.டி.எம். இயந்திரங்களை வெல்டிங் கருவியால் அறுத்து, 70 லட்சம் ரூபாய்க்கும் மேல் அள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது தீ வைத்துவிட்டுப் போனார்கள். கேமராவும் அதன் பதிவும் சேர்ந்து எரிய வேண்டும் என்பது அவர்கள் திட்டம். காவல்துறை பிறகு ஹரியானா வரை சென்று ஆட்களைப் பிடித்தது. வழியில் இருந்த மற்றக் கேமராக்களின் பதிவுகளும் அந்தத் தேடலில் பயன்பட்டன.

திருடனுக்குப் பெட்டி எங்கே என்று தெரிந்தால் பதிவும் திருடனோடு போய்விடும். பணத்துக்குப் பக்கத்திலேயே பதிவுப் பெட்டியை வைக்கும் வழக்கத்தை விட வேண்டும். அக்காவின் கடையில் டிவிஆரைக் கல்லாவிலிருந்து எடுத்து, மாடிப்படிக்கு அடியில் பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள், காற்று புக ஓட்டை போட்டு வைத்தோம். ஒரு மணி நேர வேலை. கூடுதலாக ஒரே ஒரு கேமராவின் சிறு துண்டுப் பதிவை மட்டும் வெளியே அனுப்ப ஏற்பாடு. சாமான் அறைக் கேமரா, கடை மூடியிருக்கும் இரவு 11 மணி முதல் விடிகாலை 4 மணி வரை, ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் 15 நொடிப் பதிவை மகனின் போனுக்கு அனுப்பும். 1 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் ஒரு துண்டு 2 எம்பிகூட இல்லை. பெட்டியையே எரித்துவிட்டுப் போனாலும் அந்தத் துண்டு சென்னையில் இருக்கும். நெட் இதற்குத்தான் வேண்டும். நாள் முழுவதும் சாம்பார் கொதிப்பதைச் சென்னைக்கு அனுப்புவதற்கு அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. அசைவு தெரிந்தால் சொல்லும் இந்த வசதியைத் தெருவைப் பார்த்த கேமராவில் போட்டால் வேறு வழியில் டேட்டா போகும். இந்த ஊரில் குரங்குகள் அதிகம். கூரையில் ஒரு கூட்டம் ஓடினால் பத்து அறிவிப்பு. தெருநாய், காற்றில் ஆடும் வேப்பங்கிளை, கடந்து போகிற ஆட்டோவின் விளக்கு, எல்லாமே கேமராவுக்கு அசைவுதான். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சிகள் வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும், வலை காற்றில் அசையும்போதெல்லாம் போன் அலறும். மாதம் ஒருமுறை கேமரா முகப்பைத் துணியால் துடைப்பதுகூட டேட்டா சிக்கனம்தான். ஒவ்வோர் அறிவிப்போடும் ஒரு படம் போகும். படம் ஒன்று 100 கேபி என்றாலும் ஆயிரம் அறிவிப்புக்கு 100 எம்பி. படத்தோடு வீடியோத் துண்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

பௌர்ணமி அன்று நிலைமை இன்னும் மோசம். சாயங்காலம் தொடங்கி மறுநாள் காலை வரை லட்சக்கணக்கானோர் மலை சுற்றுகிறார்கள். பாதையைப் பார்த்த கேமராவுக்கு ஓய்வே கிடையாது; அசைவு நிற்காது, அறிவிப்பும் நிற்காது. கார்த்திகை தீபத்தன்று இன்னும் அதிகம். அன்றைக்கு அத்தனை பேர் போனும் ஒரே டவரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் டேட்டா இருந்தாலும் வெளியூரிலிருந்து கேமரா பார்ப்பது திணறலாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் வாசல் கேமராவின் அறிவிப்பை அறவே நிறுத்திவிடுங்கள். பதிவு மட்டும் ஓடட்டும். பாதையில் கூட்டத்தைக் கவனிக்கக் காவல்துறை தனியாகக் கேமராவும் கட்டுப்பாட்டு அறையும் வைக்கிறது. உங்கள் கல்லாவையும் பின்கதவையும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

மற்ற நாட்களில் அசைவுப் பகுதியைக் கோடு போட்டுக் குறுக்கலாம். மெனுவில் படத்தின் மேல் கட்டங்கள் வரும். தெருவும் மரமும் இருக்கும் கட்டங்களை நீக்கிவிட்டு, உங்கள் படியும் கதவும் இருக்கும் கட்டங்களை மட்டும் வைக்க வேண்டும். ஆளை மட்டும் அடையாளம் காணும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். குரங்கை அது எப்போதும் சரியாக விலக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பெரும் வித்தியாசம் தெரியும்.

விலை குறைந்த வைஃபை கேமராக்களில் இன்னொரு பொறி இருக்கிறது. வாங்கியதும் சில நாட்களுக்கோ ஒரு மாதத்துக்கோ கிளவுட் சேமிப்பு இலவசம் என்று சொல்லி, ஆப்பே அதை இயக்கி வைத்திருக்கும். அது பதிவையெல்லாம் எங்கோ இருக்கும் சர்வருக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். இலவசம் என்பது சேமிப்புக்கு மட்டும்தான், டேட்டா உங்களுடையது. நிறுத்திவிட்டு, கேமராவில் ஒரு மெமரி கார்டு போடுங்கள். கேமராவுக்கென்றே நீடித்து உழைக்கும் கார்டுகள் விற்கிறார்கள். சாதாரணக் கார்டு ஓயாமல் எழுதினால் சீக்கிரம் கெட்டுவிடும். மலை சுற்ற வந்தவர்களின் முகங்களெல்லாம் யாரோ ஒரு கம்பெனியின் சர்வரில் போய்ச் சேராமல் இருப்பதற்கும் இது நல்லது. அதை நான் டேட்டாவைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

கடைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு போனில் கேமரா பார்ப்பவர்களும் உண்டு. போன் அதே ரௌட்டரின் வைஃபையில் இருந்தால் சில ஆப்கள் நேராகப் பெட்டியோடு பேசிக்கொள்ளும், டேட்டா போகாது. சில ஆப்கள் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு வரும். உங்கள் ஆப் எந்த வகை என்று கண்டுபிடிக்க, ரௌட்டரிலிருந்து சிம்மைச் சற்று நேரம் கழற்றிவிட்டு ஆப்பைத் திறந்து பாருங்கள். படம் வந்தால் நேர் வழி. வராவிட்டால் சுற்று வழி. எப்படியானாலும் பழைய டிவி ஒன்று வீட்டில் கிடந்தால் டிவிஆரின் ஹெச்டிஎம்ஐ வயரை அதில் செருகிவிடுங்கள். நாள் முழுக்க ஓடினாலும் டேட்டா செலவே கிடையாது. அக்கா இப்போது கல்லாவில் உட்கார்ந்தே சமையல்கட்டையும் பின்கதவையும் டிவியில் பார்க்கிறார்.

நிலத்தில் சிம் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செங்கம், தண்டராம்பட்டு பக்கம் மோட்டார் கொட்டகைக்கு, மாட்டுக் கொட்டகைக்கு, சோலார் பலகையோடு வரும் கேமராவை மாட்டுகிறார்கள். அது சூடும் அசைவும் தெரிந்தால் மட்டும் விழித்து, கார்டில் பதிந்து, மறுபடி தூங்கும் வகையாக இருந்தால் நல்லது. பேட்டரியும் மிச்சம், டேட்டாவும் மிச்சம். எந்நேரமும் விழித்திருக்கும் வகையை வாங்கிவிட்டு நாளைக்கு நாலு முறை மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பவர்கள், பார்த்ததும் ஆப்பை மூடிவிட வேண்டும். போன் திரையை அணைத்தால் ஆப் மூடியதாகிவிடாது. சில போன்களில் அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் டேட்டா காரணமில்லாமல் போகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது பாஸ்வேர்டை. 2016-ல் மிராய் என்ற தீங்கான மென்பொருள், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் உலகமெங்கும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட கருவிகளை ஒரே நேரத்தில் ஏவி, பல இணையதளங்கள் நம்பியிருந்த டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். அமெரிக்காவில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. அந்தத் தாக்குதலில் பங்கெடுத்த கேமராக்களின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் நெட் எதற்குப் பயன்படுகிறது என்றே தெரியாது. இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்கு முன் வாங்கி மாட்டிய கேமராக்களுக்கு நாம்தான் பொறுப்பு. அட்மின் என்ற பெயருக்கு 12345 என்ற பாஸ்வேர்டு இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். கேமரா போட்ட தம்பியிடம் புதுப் பாஸ்வேர்டை எழுதி வாங்கி, வீட்டில் பத்திரமாக வையுங்கள். பல கடைகளில் பாஸ்வேர்டு போட்டவருக்கு மட்டுமே தெரியும், சொந்தக்காரருக்குத் தெரியாது.

ரௌட்டரிலும் ஒரு பூட்டுப் போடலாம். குறிப்பிட்ட கருவிக்குக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நெட் கொடுக்கும் வசதி பல ரௌட்டர்களில் இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவதற்கென்று வைத்த அதே மெனுதான். டிவிஆருக்குக் காலை அரை மணி, இரவு 11 முதல் 4 வரை என்று வைத்தால் மற்ற நேரத்தில் யார் ஆப்பைத் திறந்தாலும் படம் போகாது. மகன் மறந்துபோய் ஆப்பைத் திறந்து வைத்தாலும் அக்காவின் 2 ஜிபி காலியாகாது.

நெட்டைக் குறைக்கும்போது கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். டிவிஆர் பெட்டி இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இணைப்பும் இல்லாமல், உள்ளே இருக்கும் பட்டன் செல்லும் பழையதாகியிருந்தால், கரண்ட் போய் வரும்போது தேதியே மாறிவிடும். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி இப்படிப்பட்ட பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழும் கூடவே கொடுக்க வேண்டும். தேதி தவறாக இருக்கும் பதிவை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்பது சங்கடம். செல் மலிவானதுதான், மாற்றிவிடுங்கள்.

அக்கா கடைசியாகக் கேட்டது, பெரிய டேட்டா பேக் போட்டுவிட்டால் இதெல்லாம் வேண்டாமல்லவா என்று. போடலாம். ஆனால் நாள் முழுக்க நாலு கேமராவையும் அரை எம்பிபிஎஸ்ஸில் வெளியே அனுப்பினால் 21.6 ஜிபி ஆகிறது. 3 ஜிபி பேக்கும் 4 ஜிபி பேக்கும் மத்தியானத்தைக்கூடத் தாண்டாது. பேக்கை ஏற்றுவதற்கு முன் சப் ஸ்ட்ரீமை இறக்குங்கள்.

அடுத்த பௌர்ணமி வருவதற்குள் ஒரு வேலை செய்துவிடுங்கள். டிவிஆரில் பிளேபேக் திறந்து, பத்து நாளைக்கு முந்தைய ஒரு இரவைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். படம் வருகிறதா, தேதி சரியா, முகம் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க் எப்போதோ கெட்டுப்போய், போனில் நேரலை மட்டும் அழகாக வந்துகொண்டிருக்கும் கடைகள் நிறைய இருக்கின்றன. உங்கள் கடை அதில் ஒன்றா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.